சேரு மரத்து விறகு

எனக்கு எப்போதுமே இருப்புக் கொள்ளாது. பால் காய்ச்ச வைத்தால் பொங்குகிற வரை அடுப்பை விட்டு நகர மாட்டேன். நகர்ந்தாலும் நாலு தடவை ஓடி வந்து எட்டிப் பார்ப்பேன். "ஒன் வெப்ராளத்துக்கு வைத்தியரும் கெடையாது, மந்திரவாதியும் கெடையாது" என்பார் என் வீட்டுக்காரர். அவர் நேர் எதிர். வீடு தீப்பிடித்தாலும் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதற்கே எனக்கு ஒரு மாலை போட வேண்டும்.

அந்த மாசி மாதம் என் வெப்ராளத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. மகள் நர்ஸ். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை சரியாகியிருந்தது. மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும்தான், திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில். போன வருஷம் இதே போல ஒரு வேலை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. அப்போது அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த கிடப்பை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. மேலில் தடிப்போ சொறியோ கண்டால் மெடிக்கலில் நிறுத்தி வைத்துவிடுவார்கள். பக்கத்து ஊர் கருங்கலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பயணம் அப்படித்தான் நின்றது. மெடிக்கலுக்கு முந்தைய சில நாட்கள் வீட்டில் இருக்கிறேன் என்று மகள் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்குப் பின்பக்கத்துத் தோப்பில், எங்கள் விளையில், நிற்கிற சேரு மரம்தான் கண்முன்னால் வந்தது.

சேரு மரம் தூரத்திலிருந்து பார்த்தால் மாமரம் போலத்தான் இருக்கும். கொம்பை ஒடித்தால் வடிகிற பால் கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுத்துவிடும். அது மேலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தோல் பொங்கிக் கொப்பளித்து நீர் வடியும். மழை நேரத்தில் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் போதும், சிலருக்கு. ஊரில் அதன் பேரையே சொல்ல மாட்டார்கள். "அவன்" என்பார்கள். அவன் சதித்து மேல் பொங்கிவிட்டால் தான்றி மரத்தைத் தேடிப்போய், சுற்றி வந்து, "அவன் செய்ததை நீ தீரு" என்று கும்பிட வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். மரத்துக்கு மரம் சிபாரிசா?

ஆனால் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கி நின்றுவிட்டாள். அடுத்த நாள் காலையில் படுக்கையில் கிடந்த முகம் என் பிள்ளையின் முகமாகவே இல்லை. கண் இரண்டும் மூடி, உதடு பணியாரம் மாதிரி. நான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இவர் எனக்குத் தெரியாமல் அவளைத் தூக்கிப்போய்த் தான்றியையும் சுற்ற வைத்திருக்கிறார். பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. சுகமானது டாக்டரால்தான் என்று நானும், சரி சரி என்று அவரும் பேசிக்கொள்வதோடு அது முடிந்தது. மரம் மட்டும் நின்றது. வெட்டுவதற்கு ஆள் கூப்பிட்டபோதெல்லாம் "வேற ஏதாவது வேலை உண்டுமானா சொல்லுங்க டீச்சரே" என்று நழுவினார்கள்.

இந்தத் தடவை நான் விடவில்லை. புதுக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு மரம் வெட்டுகிறவரைத் தேடிப் பிடித்தேன். அவரும் முதலில் யோசித்தார். "அக்கா, எனக்கு பயம் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்க வீட்டுக்காரி கொல்லுவா" என்றார். இரட்டைக் கூலி என்றதும் வீட்டுக்காரி கொல்லாமல் விட்டுவிட்டாள். இரண்டு நாள் மழை இல்லாமல் காய்ந்த வெயில் பார்த்து வந்தார். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் மழைக்கோட்டு, முழங்கை வரை ரப்பர் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி. மரத்தின் முன்னால் கை கூப்பி என்னவோ முணுமுணுத்துவிட்டு ஏறினார்.

மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஃபோனில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, எரிக்க மட்டும் விட்டிராதே, கேட்டியா. புகை நெஞ்சுக்குள்ள போச்சுன்னா நுரையீரலு வீங்கிரும். ஐசியூதான். குழி தோண்டிப் புதைச்சிருங்க. வெட்டுகத்தியை சோப்புப் போட்டுக் கழுவணும். போட்டிருந்த துணியைத் தனியா அலசணும்." நான் அதை அப்படியே மரம் வெட்டுகிறவரிடம் ஒப்பித்தேன். இலையையும் சிறு கொம்புகளையும் சாக்கில் கட்டி, விளையின் கடைசி மூலையில் ஆழக் குழி தோண்டிப் போட்டார். அதிலேயே குழி நிறைந்துவிட்டது. இன்னொரு குழி தோண்டப் போனால் பாறை தட்டியது. தடிமரத்துத் துண்டுகள் அப்படியே கிடந்தன. "கோயில் கொடை கழியட்டும் அக்கா. பாறை உடைக்கியதுக்கு ஆளும் கம்பிப்பாரையும் கொண்டு வாறேன். அது வரைக்கும் மூடிப் போடுங்க" என்று சொல்லி, துண்டுகளை அடுக்கி, நீலத் தார்ப்பாயால் மூடி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தார்ப்பாய் என் தூக்கத்தைத் தின்றது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன். காபி குடித்துவிட்டுப் பார்ப்பேன். காற்றடித்தால் ஓடுவேன். கோழி ஏறினால் கல்லெடுத்து எறிவேன். "அது எங்க போயிரும்? அதுக்குக் காலா இருக்கு?" என்று இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். காலில்லாத சாமானைத்தான் மனுஷன் தூக்கிக்கொண்டு போவான் என்று நான் சொன்னேன். வாய் வார்த்தையாகச் சொன்னதுதான்.

கொடைத் திருவிழாவுக்கு மைனி வந்து சேர்ந்தாள். மைனி என்றால் இவருடைய அக்கா. கிழக்கே வயல்காட்டு ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். இவர்தான் என்னைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்துவிட்டவர். அங்கே கண்ணுக்கெட்டிய வரை நெல்லும் வாழையும்தான். சேரு மரத்தின் குணம் அவளுக்குத் தெரியாது. பிள்ளை குட்டி இல்லை. என் மகள் மேல் உயிர். இந்த வேலை சரியானால் எங்கள் சந்துக் கடைசியில் இருக்கிற அம்மன் கோயிலில் பொங்கலிடுகிறேன் என்று நேர்ந்திருந்தாள். வந்த உடனே விளையைச் சுற்றிப் பார்த்தவள் தார்ப்பாயைக் கண்டுவிட்டாள்.

"என்னட்டி இது?"

"சேரு மைனி. விஷம். கையாலத் தொடாதிங்க. பால் பட்டா மேலெல்லாம் பொங்கிரும். குழி தோண்டிப் புதைக்கதுக்கு வச்சிருக்கோம்."

"இவ்வளவு வெறகையுமா? வெறகைப் புதைக்க ஊரை இங்கதான் பாக்கேன். நீங்க மேக்கத்திக்காரங்க வசதி உள்ளவங்கல்லா" என்று மூக்கில் விரல் வைத்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டினாள். எரிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. புதைக்கப் போகிறோம் என்றால் எரிக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

மகள் வியாழக்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை பொங்கல். இடம் பிடிக்க வேண்டும் என்று மைனியும் அவளும் விடிந்ததும் கிளம்பினார்கள். இவருக்குத் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு நான் பின்னாலே வருவதாகப் பேச்சு. எங்கள் கோயிலில் பொங்கலுக்கு ஒரு முறை உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் சொந்த விளையின் விறகைத்தான் கொண்டுவர வேண்டும். காசு கொடுத்து வாங்கினது எடுபடாது, போதாமல் வந்தால் பக்கத்து அடுப்பில் சும்மா வாங்கிக்கொள்ளலாம். எல்லாரும் செங்கல் அடுக்கி, விறகு செருகி, பானையை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். யாரும் தீப்பெட்டி உரசக் கூடாது. அம்மன் நடையில் மூட்டுகிற அடுப்பிலிருந்து தீ எடுத்து, ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு என்று, வரிசை வரிசையாகப் போகும். தீ புறப்படும்போது பொம்பிளைகளின் குரவைச் சத்தம் எழும்பும்.

தோசைக் கல்லை இறக்கிவிட்டு வழக்கம் போல விளைப்பக்கம் போனேன். தார்ப்பாய் இருந்தது. கயிறும் கட்டியிருந்தது. ஆனால் முடிச்சு வேறு. மரம் வெட்டுகிறவர் போட்டது இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. இது நெல்மூட்டைக்குப் போடுகிற மாதிரி இறுக்கி இரண்டு சுற்று. ஒரு பக்கம் பள்ளமாக வேறு இருந்தது. பக்கத்தில் கிணற்றுக் கல்லில் இவருடைய பழைய கையுறை இரண்டும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுக் கிடந்தன.

"ஏங்க! அக்கா வெறகு எங்கேருந்து எடுத்தா?"

"நம்ம விளையிலதான் எடுக்கணும்னாளே" என்றார் இவர், தோசையைப் பிட்டுக்கொண்டு.

நான் செருப்புப் போடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஐம்பது தாண்டிய பொம்பிளை, இடுப்பு வலிக்காரி, சந்தில் எதிரே வந்த சைக்கிள்காரரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "டீச்சருக்கு என்ன எளவாச்சு?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. பாதி வழியில் இருக்கும்போது குரவை எழும்பியது. ஐயோ அம்மா, தீ புறப்பட்டுவிட்டது. அந்த அம்மனையே திட்டினேன். உனக்கு இன்றைக்கு ஒரு நாள் கொஞ்சம் பிந்தினால் என்ன குறைந்தா போகும் என்று வாய்விட்டே கேட்டேன்.

கோயில் முற்றம் முழுக்க அடுப்பு, பொம்பிளைகள், புகை. எங்கே என்று தேடுவது? மகளின் பச்சைத் தாவணி ஆலமரத்துக்குத் தெற்கே தெரிந்தது. மைனி கையில் எரிகிற ஓலை. அடுப்பில் முதல் புகை கருகருவென்று எழும்பிக்கொண்டிருந்தது. மகள் குனிந்து, கன்னம் உப்ப, ஊதப் போகிறாள்.

"ஊதாதே! ஏட்டி, ஊதாதே!"

அவள் தலையைத் தூக்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன், மல்லாக்க விழுந்தாள். அடுப்பில் இருந்த பானையை, அரிசி போடாத வெறும் தண்ணீரும் பாலும்தான், அப்படியே கவிழ்த்தேன். புஸ்ஸென்று ஆவியும் புகையும் என் முகத்தில் அடித்தது. பக்கத்து அடுப்புக்காரிக்கும் மைனி தாராளமாக இரண்டு துண்டு கொடுத்திருந்தாள். அது இன்னும் பற்றவில்லை. அதை வெறுங்கையால் உருவி எடுத்து என் காலடியில் போட்டேன். பிறகுதான் மூச்சே விட்டேன். மகளைப் பார்த்து, "குழாய்ல போயி சோப்புப் போட்டு மூஞ்சியைக் கழுவு, போ, நிக்காதே" என்று கத்தினேன். மைனி சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அடுக்கிய விறகு அது; துண்டில் கறுத்துக் கிடந்த பாலை அப்போதுதான் பார்த்தாள், விளங்கிவிட்டது. ஓடினாள்.

முற்றத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பொங்கல் பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். பொங்காத பானைக்கே பயப்படுகிற ஊரில் பானையைக் கவிழ்த்தவளை என்ன சொல்வார்கள்? யாரோ "சிவ சிவா" என்றார்கள். மைனி எரிகிற ஓலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"பிள்ளைக்கு நேர்ந்த பொங்கலுட்டி. பிள்ளைக்கு நேர்ந்த அடுப்பை அணைச்சுட்டியே பாவி."

"அது விஷம்னு சொன்னம்லா மைனி! எரிச்சா புகையே ஆளைக் கொல்லும்!"

"தொடாதேன்னுதான சொன்ன? நான் தொடவா செஞ்சேன்? கையுறை போட்டுல்லா எடுத்தேன்! அக்கினியில போட்டா எந்த விஷமும் சாம்பலுதான். தீக்குத் தீட்டு உண்டாட்டி? சொந்த விளை வெறகு வேணும். அது சும்மா மண்ணுக்குள்ள போகப்போகுது, சாமிக்காவது ஆகட்டும்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்து அழுதாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. தீயில் போட்டால் எல்லாம் சுத்தமாகும் என்றுதான் நாமெல்லாம் வளர்ந்தோம். ஆனால் அப்போது எனக்கு நியாயம் பேசப் பொறுமை இல்லை. ஈரமண்ணை அள்ளி விறகின் மேல் போட்டு, ஆள் வைத்து அதைச் சாக்கில் கட்டி எடுத்துப்போகச் செய்துவிட்டு, மகளைக் கையைப் பிடிக்காமல் முன்னால் நடக்கவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு பேரும் குளித்தோம், கட்டியிருந்த துணியை வாளியில் தனியாகப் போட்டோம். மைனி வெகுநேரம் கழித்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு காத்திருப்பு. அந்த எளவெடுத்த மரத்தின் குணமே அதுதான். நல்லதோ கெட்டதோ உடனே சொல்லித் தொலையாது. சனிக்கிழமை முழுக்க நான் மகளின் பின்னாலேயே அலைந்தேன். கன்னத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், ஃபோனில் லைட் அடித்துக் காதுமடலுக்குப் பின்னால் பார்த்தேன். அவள் மூக்கைச் சொறிந்தால் லைட்டோடு முன்னால் போய் நின்றேன். "கொசும்மா! கொசு! ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று கத்தினாள். மைனி உம்மென்று ஒரு மூலையில் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் "எனக்குப் பசியில்ல" என்பதைத் தம்பியிடம் சொல்லி அனுப்பினாள். இவர் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்தேன், விழிக்க முடியவில்லை. விடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கை வைத்துப் பார்த்தால் இமை இரண்டும் ஊதிக் கிடந்தன. உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் கொப்புளம். அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை, தோலை உரித்து எறிந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அவன் என்னிடம் வந்துவிட்டான். அப்படியானால் அவளிடம்?

"மக்களே, ஒனக்கு? ஒனக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ பேசாம இரு" என்றாள். அவள் சொல்வதை எப்படி நம்புவது? ஏதாவது இருந்தாலும் என்னைப் பயமுறுத்தாமல் இருக்க மறைப்பாளே. கருங்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு, மாத்திரை தந்து, கை இரண்டிலும் மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, கண் தெரியாமல், கை வழங்காமல் கட்டிலில் கிடந்தேன். எழுந்து நடந்தால் சுவரில் முட்டுகிறேன். உட்கார்ந்தால் அரிக்கிறது. என்னைப் போன்றவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். இவர் வெளியே போய்விட்டு வந்தார். செருப்பில் ஒட்டியிருந்த சருகு தரையில் உரசுகிற சத்தத்தை வைத்தே தான்றி மரத்தடிக்குப் போய் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் கார் வந்து நின்றது. மகள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பவுடர் வாசனை அடித்தது. வழக்கமாக நான் அவள் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துத்தான் எங்கேயும் அனுப்புவேன். "தொட்டாப் பரவாதும்மா, மேல் கழுவியாச்சுல்லா, இது ஒட்டாது" என்று நர்ஸ் விளக்கம் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். பார்க்கவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தான்.

"மைனி" என்று கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அவளைக் கூப்பிட்டது அப்போதுதான். "மைனி, இவ முகத்தைக் கொஞ்சம் பாருங்களேன். நல்லாப் பாருங்க. கழுத்தையும் பாருங்க. எதையும் மறைக்காண்டாம்."

பிறகு நடந்து வருகிற சத்தம் கேட்டது. லைட் போடுகிற சத்தம் கேட்டது. "இங்க திரும்பு மக்கா. தாடையைத் தூக்கு. கையைக் காட்டு." மைனி அவசரப்படவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பார்த்திருப்பாள், அவ்வளவு நேரம் எடுத்தது.

"ஒண்ணும் இல்லட்டி" என்றாள். "ஒரு பொட்டு கூட இல்ல. செல போல இருக்கா எம்பிள்ள. நீ அந்தப் புகையை மொத்தமா வாங்கிக்கிட்ட."

மகள் என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். கார்க் கதவு சாத்துகிற சத்தம், சந்தில் திரும்புகிற சத்தம், ரோட்டில் ஏறுகிற சத்தம். அவள் போக வேண்டும் என்றுதான் மரத்தை வெட்டினேன், பானையைக் கவிழ்த்தேன், ஊர் முன்னால் பாவியானேன். போவாள், மெடிக்கல் தேறுவாள், அடுத்த மாதம் ஃபிளைட் ஏறிவிடுவாள். பிறகு இந்த வீட்டில் நான் எதைக் காவல் காத்துக்கொண்டு நடப்பேன்? அது வரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை. வீங்கிய இமைக்குள் கண்ணீர் நிறைந்து எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன், கை நிறையக் கட்டு.

"கையை எடு" என்றாள் மைனி. கட்டிலில் உட்கார்ந்து, தன் முந்தானையின் ஓரத்தை நனைத்து, என் கண்ணை ஒற்றி எடுத்தாள். "சும்மா இரு. ஆடாதே. அவ வாற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

நான் ஆடாமல் இருந்தேன்.